கைத்தாராவின் ஆரஞ்சுச் சட்டை

கைத்தாரா இறந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அவருக்குக் கல் வந்து சேர்ந்தது. ஆக்லாந்தில் செதுக்கி, கப்பலில் ஏற்றி, தீவில் அவாருவா துறைமுகத்தில் இறக்கி, அங்கத்திய வழக்கப்படி வைமாரு ஊரில் அவர் வாழ்ந்த வீட்டின் முற்றத்திலேயே, மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் நட்டாகிவிட்டது. கறுப்புக் கல். பெயர் இருந்தது, பிறந்ததும் போனதும் இருந்தது, ஒரு வேத வசனம் இருந்தது. அதற்கெல்லாம் மேலே முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம் மட்டும் காலியாக இருந்தது. படம் பதித்த பீங்கான் வில்லை ஒன்று அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். வில்லையை இளைய மகள் அகாய்த்தி தன் கடையிலேயே செய்துவிடுவதாகப் பேச்சு.

அகாய்த்தியின் கடை அவாருவாவில் சந்தைக்கு எதிரே. சபை ஆண்டு விழாவுக்குச் சட்டையில் எழுத்து அடிப்பாள். சாவு வீட்டுக்குப் பாட்டுத்தாள் அடிப்பாள். கோப்பையில் முகம் பதிப்பாள். மற்ற நாளெல்லாம் வெள்ளைக்காரர்களின் கடற்கரைக் கல்யாணங்களுக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவள் பேர் வாங்கியது ஒரு வேலையில்தான். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நிறத்தை விட்டுவைப்பது. மாப்பிள்ளை சாம்பல், பெண் சாம்பல், மணல் சாம்பல், கடல் மட்டும் நீலம். இல்லாவிட்டால், பெண்ணின் காதோரச் செம்பருத்தி மட்டும் சிவப்பு. ஊரில் அதற்கு ‘ஒத்தக் கலர்’ என்று பெயரே வந்துவிட்டது. அவளுக்கு அது சலித்துப் போய் நாளாகிறது. ஆனால் வருகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

அப்பாவின் படம் என்று தேட ஆரம்பித்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. கைத்தாரா காமிராவுக்கு முன்னால் சிரித்ததே கிடையாது. முன்பல் ஒன்று இளம் வயதில் ரக்பி மைதானத்தில் போயிற்று; அன்றிலிருந்து காமிராவைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வார். பேரன் ஞானஸ்நானத்திலும் சரி, மகள் கல்யாணத்திலும் சரி, பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பவரைப் போலவே நின்றிருந்தார். ஒரே ஒரு படத்தில் மட்டும் வாய் நிறையச் சிரித்திருந்தார். அது அகாய்த்தியின் அக்கா துவாயினே தன் போனில் எடுத்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் மஞ்சள் பூமாலை. தோளில் யாரோ ஒருவரின் கை. பின்னால் தகரக் கூரை, கூட்டம், ஒரு நாய். பல் போன சந்து தெரிய, கண் இடுங்க, தொப்பை குலுங்கச் சிரிக்கிறார். எல்லாம் சரி. ஆனால் அவர் போட்டிருந்தது, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறச் சட்டை.

ஆரஞ்சு அரேகுரா ஊரின் நிறம். வைமாருவின் நிறம் நீலம். வைமாரு ரக்பி அணிக்குக் கைத்தாரா தலைவராக இருந்தவர். ஆடுவதை விட்ட பிறகு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறவராக இருந்தவர். அதையும் விட்ட பிறகு, மைதானத்து ஓரத்தில் நின்று ஊருக்கே கேட்கக் கத்துகிறவராக இருந்தவர். பழுத்த பப்பாளியை அறுக்காமல் மேஜையில் வைத்தால்கூட, “அரேகுராக்காரனைத் துணி போட்டு மூடு” என்பார். மூத்த மகள் துவாயினே அந்த ஊர் மாராவைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, சம்மதித்து, கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனார். ஆனால் நீல டை கட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளையிடம் சொன்ன முதல் வார்த்தையே, “பொண்ணைத்தான் குடுத்திருக்கேன், பாயிண்ட்டைக் குடுக்கல” என்பதுதான்.

படத்தை அகாய்த்தி ஆக்லாந்திலிருக்கும் அண்ணன் நூரோவாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“சிரிப்பு நல்லாருக்கு. சட்டைதான் ஆகாது.”

“வேற சிரிச்ச படமே இல்லண்ணா.”

“அதுக்காக? வைமாரு மண்ணுல, அம்மா பக்கத்துல, அரேகுரா சட்டை போட்டுக்கிட்டு அப்பா உக்காந்திருக்கணுமா? அப்பாவோட ஆடின ரங்கி மாமா பாத்தார்னா கல்லு மேலயே துப்பிட்டுப் போவார்.”

“அவர் போட்டதுதானே...”

“மழைல நனைஞ்சிட்டேன், கைல கெடச்சத மாட்டிக்கிட்டேன்னு அவரே எங்கிட்ட போன்ல சொன்னார். ஏதோ ஒரு நாள் போட்டதக் கொண்டுபோயி காலத்துக்கும் கல்லுல வைக்கறதா? நீதான் ஒத்தக் கலர் பண்றியே, ஊர்ல எவன் எவனுக்கோ. அப்பாவுக்குப் பண்ணேன். சட்டையச் சாம்பலாக்கு. பூவ மட்டும் விடு.”

அந்த நாள் மழை பெய்யவில்லை என்பது அகாய்த்திக்குத் தெரியும். அன்று அவள் கடற்கரையில் ஒரு கல்யாணத்துக்கு நின்று மூக்குத் தோல் உரிந்துபோனது இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அண்ணனிடம் எதிர்த்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. அதோடு, அவனைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. அப்பா இறந்தபோது தொற்றுநோய்க்குப் பயந்து தீவை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். விமானம் கிடையாது. தலைமகனாகப் பெட்டியைத் தூக்க வேண்டியவன், ஆக்லாந்தில் தன் சமையலறை மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அடக்கத்தைப் பார்த்தான். பெட்டியை மூடுகிற நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டதாம். திரும்ப வந்தபோது மண் தள்ளியாகிவிட்டது.

அன்று மத்தியானமே அகாய்த்தி வேலையை முடித்தாள். எல்லாம் கறுப்பு வெள்ளை, மாலை மட்டும் மஞ்சள். ஆரஞ்சு போன இடத்தில் நடுத்தரமான ஒரு சாம்பல் வந்து உட்கார்ந்தது. யாருடைய சட்டையாகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் அனுப்பினாள். நூரோவா இதயப் படம் ஒன்றைப் போட்டான். துவாயினேயிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை, ஹோட்டல் சலவைக்கூட உடுப்போடு, வேலைக்குப் போகிற வழியில் துவாயினே பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் வந்தாள். உட்காரவில்லை.

“படம் பாத்தியாக்கா?”

“பாத்தேன். யாரு அந்த ஆளு?”

“அக்கா...”

“பூ உசுரோட இருக்கு. போட்டிருக்கிற மனுசன் செத்துக் கெடக்கறார்.”

“செத்துத்தானேக்கா போயிட்டார்.”

துவாயினேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அவள் பல்லைக் கடித்து விழுங்கினாள். “வாய் மட்டும் அப்படியே அவர் வாய் உனக்கு. இங்க பாரு, அந்தச் சிரிப்பு என் வீட்டுக்காரங்க பெஞ்சுல உக்காந்து சிரிச்சது. சிரிப்பு மட்டும் வேணும், சட்டை வேணாமா? இருபது வருசமா அந்த ஊர்ல குடும்பம் பண்றேன். என் புள்ளங்க அந்த ஊர்ப் புள்ளங்க. அப்பாவே போட்டுக்கிட்டார். உங்களுக்கு ஏன் உறுத்துது?”

“எனக்கு உறுத்தல. அண்ணனுக்குத்தான்.”

“அண்ணன் எங்க இருந்தாராம் அப்ப?”

“அது அவர் தப்பாக்கா? ப்ளேன் இல்லாட்டி நீந்தியா வருவார்?”

துவாயினே கதவு வரைக்கும் போய், திரும்பி, “உன் கையில இருக்கு மவுஸ். உனக்கு எது சரின்னு படுதோ செய்யி. எனக்குக் காட்டாத” என்று சொல்லிவிட்டுப் போனாள். காட்டாதே என்றால், அவள் அகராதியில், கட்டாயம் காட்டு என்று அர்த்தம். அகாய்த்திக்கு அன்று முழுதும் வேலை ஓடவில்லை. ஒரு சபைக்கு அடித்த சட்டைகளில் வசனத்தை முதுகுக்குப் பதிலாக மார்பில் அடித்து வைத்தாள்.

கல் திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நூரோவா மனைவி மக்களோடு வந்து இறங்கினான். விமான நிலையத்தில் மாலை மேல் மாலையாகப் போட்டதில் அவன் கழுத்தே தெரியவில்லை. துவாயினேயும் வந்து போட்டாள், கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள்; பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் பெட்டியைக்கூட இறக்காமல் நேரே முற்றத்துக்குப் போனான். கல்லைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். திறப்பு நாளுக்கு முன் யாரும் பார்க்கக் கூடாது. மூடிய கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, சுற்றி முளைத்திருந்த புல்லைக் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தான். மகன் வந்து, “வெட்டற மெஷின் இருக்குப்பா” என்றதற்கு, “தெரியும், நீ போ” என்றான். கோழிகள் இரண்டு அவன் பிடுங்கிப் போட்ட மண்ணைக் கிளறிக்கொண்டே பின்னால் போயின.

மறுநாள் நூரோவா அகாய்த்தியின் கடைக்கு வந்தான். வரும்போதே யோசனையோடு வந்தான்.

“பூ மட்டும் கலர்னு சொன்னேன்ல, அது பத்தாது. அப்பா மொகம் சாம்பலா இருக்கு. பழைய காலத்துப் பாதிரி மாதிரி இருக்கார். மொகத்துக்கும் கலர் குடு. மொகம், பூ. சட்டை வேண்டாம்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதற்கும், துவாயினேயும் மாராவும் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. திறப்பு நாள் விருந்தில் குழி தோண்டிச் சுடுகிற மண்ணடுப்புக்கு எத்தனை பன்றி, சேப்பங்கிழங்கு யார் தோட்டத்திலிருந்து என்று கேட்க வந்ததாகச் சாக்கு. துவாயினே காலண்டரைப் பார்ப்பதுபோல் சுவரோரம் நின்றுகொண்டாள். மாரா பெரிய ஆள்; சின்னக் கடையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். நூரோவா அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

அகாய்த்தி முகத்தையும் கழுத்தையும் மெதுவாகக் கோடு போட்டு வளைத்தாள். காதுமடல், தாடை, நரைத்த முடி என்று ஓரம் ஓரமாகப் போனாள். பிறகு ஒரு தட்டு. திரையில் கைத்தாராவின் முகம் பழுப்பு நிறத்தில் எழுந்தது, மாலை மஞ்சளாயிற்று, மற்றதெல்லாம் சாம்பலாகவே இருந்தது.

நூரோவா குனிந்து பார்த்தான். “மோவாய்க்குக் கீழ என்னது அது?”

மோவாய்க்குக் கீழே, கழுத்து மடிப்பில், கன்னத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஆரஞ்சு ஒளி ஏறியிருந்தது. யாரோ மடியில் விளக்கை வைத்து மேலே அடித்ததுபோல.

“மஞ்சக் காமாலையா?” என்றான் நூரோவா.

“இல்லண்ணா. சட்டை.”

“சட்டையத்தான் எடுத்துட்டியே.”

“சட்டைய எடுத்தாச்சு. நல்ல வெயில்ல உக்காந்திருக்கார். வெயில் சட்டை மேல விழுந்து, சட்டை நெறம் மொகத்துல அடிச்சிருக்கு. சட்டை இருந்தா தெரியாது. இல்லாததால தெரியுது.”

சுவரோரத்திலிருந்து துவாயினே, காலண்டரைப் பார்த்தபடியே, “நல்ல வெயில்லயா?” என்றாள்.

அகாய்த்திக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் நூரோவாவின் கவனம் அதில் போகவில்லை. “அதையும் எடு. எடுக்க முடியும்ல?” என்றான்.

முடியும். அவள் ஆரஞ்சை மட்டும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவிட்டாள். மனிதத் தோலில் பாதி நிறமே அதுதான். கழுத்திலிருந்து போனது, தாடையிலிருந்து போனது, கன்னத்திலிருந்தும் உதட்டிலிருந்தும் போனது. சிரிப்பு அப்படியே இருந்தது. முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது. மெழுகில் செய்ததுபோல ஒரு முகம் பல் தெரியச் சிரித்தது.

வெளியே சந்தையில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

“இப்படித்தான் இருந்துச்சு,” என்றான் நூரோவா.

“எதுண்ணா?”

“பெட்டிய மூடறதுக்கு முன்னாடி மொகத்தக் காட்டினீங்களே. போன்ல. இந்தக் கலர்லதான் இருந்துச்சு. அப்பறம் படம் நின்னுபோச்சு. அதே மொகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.” அவன் குரல் ஏறியது. “திரும்பப் போடு. அந்த ஆரஞ்சத் திரும்பப் போடு அகாய்த்தி, சீக்கிரம்.”

அவள் போட்டாள். முகத்தில் ரத்தம் ஏறியது. நூரோவா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துவாயினே காலண்டரை விட்டு வந்து, அண்ணன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெரிய தலை, சின்ன வயதிலிருந்தே அதைப் பூசணிக்காய் என்று கேலி செய்வாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாரா வாசலிலிருந்தே தொண்டையைக் கனைத்தான். “மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“அன்னிக்கு மழை கெடையாது.”

நூரோவா நிமிர்ந்து பார்த்தான். மாரா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். போகப்போகக் கை காலெல்லாம் சேர்ந்து பேசியது.

“அரேகுராவுக்கும் வைமாருவுக்கும் மேட்ச். எங்க பெரியவனுக்கு அதான் மொத ஆட்டம். மாமா உங்க பக்கம் நிக்கறார், வழக்கம்போல. எங்க அப்பன், பாட்டன் எல்லாரையும் இழுத்து வச்சுத் திட்டறார். பாதி ஆட்டம் முடியறதுக்குள்ள உங்க ஆளு ரெண்டு பேரு சேந்து பையனத் தூக்கி அடிச்சாங்க. அடின்னா அடி. எழுந்திரிக்கல. அது ஆட்டத்துல உள்ளது, நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா உங்க பக்கத்துலருந்து எவனோ கத்தினான்: ‘கெழவன் வளத்த கன்னுக்குட்டி படுத்துருச்சு டோய்’னு. கூட்டமே சிரிச்சுது. மாமா சிரிக்கல. கயித்தத் தாண்டி உள்ள எறங்கிட்டார். நடு மைதானத்துல நடந்து வர்றார். நடுவர் விசில் ஊதறான், போங்க போங்கங்கறான், இவர் காதுலயே வாங்கல. பையன் பக்கத்துல நின்னு, ‘எந்திரிடா, உங்க பாட்டன் பாத்துக்கிட்டிருக்கேன்’னார். அவன் எந்திரிச்சான். இவர் திரும்பிப் போகல. நேரா எங்க பக்கம் வந்து பெஞ்சுல உக்காந்துட்டார். எங்க ஊர்க்காரன் ஒருத்தனும் மூச்சு விடல. நான்தான் வாய் சும்மா இல்லாம, ‘மாமா, இங்க உக்காரணும்னா யூனிபார்ம் உண்டு’ன்னு சட்டையக் கழட்டி நீட்டினேன். வெளையாட்டுக்குத்தான். அடிப்பார்னு நெனச்சேன். நீலத்தக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, இதப் போட்டுக்கிட்டார். போட்டுக்கிட்டுக் குனிஞ்சு தன்னையே பாத்தார் பாரு, அப்ப வந்தது அந்தச் சிரிப்பு. தோள்ல இருக்கறது என் கைதான்.”

நூரோவா திரும்பித் திரையிலிருந்த அந்தக் கையைப் பார்த்தான்.

“மழைன்னு சொன்னார் எங்கிட்ட. எனக்குப் பயந்துட்டாரா?”

“உனக்கா?” என்றாள் துவாயினே. “ரங்கி மாமாவுக்குப் பயந்தார். ஒரு மாசம் அந்த ஆளு இவரோட பேசல தெரியுமா? கோயில்ல பக்கத்து எடத்துல உக்காராம வேற பெஞ்சுக்குப் போயிட்டார்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்,” என்றான் நூரோவா. “நான் கோவிச்சிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்.”

நூரோவா எழுந்தான். “சட்டை இருக்கட்டும் அகாய்த்தி. சட்டைக்கே கலர் குடு. அவராப் போட்டுக்கிட்டது.”

“வேணாம்ணா,” என்றாள் துவாயினே. “சாம்பலாவே இருக்கட்டும். உங்க மனசுல நீலந்தான இருக்கு. கண்ணால பாக்காத ஒண்ண நீங்க ஏன் தெனம் நெனச்சுப் பாக்கணும்? நான் பாத்துட்டேன், எனக்குப் போதும்.”

“நீ சொன்னா கேளு. ஆரஞ்சுதான்.”

“மூத்தவர் நீங்க சொன்னா அதுதான் மொறை. சாம்பல்.”

“மூத்தவன் இப்ப ஆரஞ்சுங்கறேன்!”

“ஏன் கத்தறீங்க? நான் உங்களுக்காகத்தானே விட்டுக் குடுக்கறேன்?”

“யாரு உன்னக் குடுக்கச் சொன்னா?”

ஒரு வாரமாக ஒரு பக்கம் இழுத்த கயிற்றை இருவரும் இப்போது மறுபக்கம் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். மாரா அகாய்த்தியைப் பார்த்துக் கையை விரித்தான். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அண்ணனிடம் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. சந்தைல மீன் சான்ட்விச் விக்கிறாங்க, வாங்கித் தின்னுங்க. எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மாரா அத்தான், இவங்களக் கூட்டிட்டுப் போங்க.”

போனார்கள். அடுத்த கடை தாண்டும்வரைக்கும் வாக்குவாதம் கேட்டது.

அகாய்த்தி திரையின் முன் திரும்ப உட்கார்ந்தாள். எத்தனை நாளாகப் பூவா, முகமா, சட்டையா என்று அவரைத் துண்டு துண்டாகவே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. சுற்றுலாக்காரர்களுக்குக் கடலின் நீலத்தை மட்டும் விட்டுவைத்துப் பழகிய கை. அவள் போட்ட கோடுகளையெல்லாம் அழித்தாள். உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்து அப்பாவை முழுசாக வளைத்தாள்: முகம், மாலை, சட்டை, முழங்கை, மடியில் சுருட்டி வைத்திருந்த துணி. அதுவரைக்கும் அந்தத் துணியை யாரும் கவனித்திருக்கவில்லை. நிழலில் கறுப்பாகத் தெரிந்தது. நிறத்தைக் கூட்டியபோதுதான் நீலம் என்று தெரிந்தது. தகரக் கூரை, கூட்டம், நாய் எல்லாம் சாம்பலுக்குப் போயின. அரேகுராவின் கொடி ஒன்றும் பின்னால் இருந்தது, அதுவும் போயிற்று. ஆரஞ்சு வந்து அவர் உடம்பில் உட்கார்ந்ததும் மோவாய்க்குக் கீழே இருந்த வெளிச்சம் தன்பாட்டுக்கு அடங்கிக்கொண்டது.

மாராவின் கையில் வந்து அவள் நின்றாள். கையை எடுத்தால் தோள் வெட்டுப்படும். கையை மட்டும் சாம்பலாக்கிப் பார்த்தாள். பேய்க் கை பிடித்ததுபோல இருந்தது. கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டு, அங்கே கோட்டு வளையத்தை மூடினாள்.

சான்ட்விச்சோடு மூன்று பேரும் திரும்பி வந்தபோது வில்லை அடுப்பிலிருந்து இறங்கிச் சூடு ஆறிக்கொண்டிருந்தது. நூரோவா பார்த்தான். துவாயினே பார்த்தாள். இருவரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று நின்றார்கள்.

“என் கையும் உள்ள வந்திருச்சா?” என்றான் மாரா.

“வெட்ட முடியல அத்தான்.”

“அப்ப வைமாருல எனக்கு எடம் கெடச்சிருச்சு. மணிக்கட்டு வரைக்கும்.”

நூரோவாதான் முதலில் சிரித்தான்.

திறப்பு நாளில் ஊரே வந்தது. வைமாருவும் வந்தது, அரேகுராவும் வந்தது. கல்லை மூடி அடுக்கடுக்காகப் பூத்தையல் போர்வைகள். சபைப் பெண்கள் போட்டது ஒன்று, ஆக்லாந்துச் சொந்தம் போட்டது ஒன்று, அம்மா கைப்படத் தைத்தது எல்லாவற்றுக்கும் அடியில். போதகர் ஜெபம் முடித்ததும் குடும்பம் குடும்பமாக வந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடைசிப் போர்வையை மூன்று பிள்ளைகளும் பிடித்தார்கள். அது வழுக்கி விழுந்ததும், கறுப்புக் கல்லிலிருந்து கைத்தாரா எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. அரேகுரா பக்கம் யாரோ கைதட்டப் போய், யாரோ அடக்கினார்கள். எல்லார் கண்ணும் ரங்கியின் மேல் போயிற்று. கைத்தாராவோடு ஆடியவர், கூடவே வயதானவர். தடியை ஊன்றிக்கொண்டு அவர் கல்லுக்கு முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இந்தப் படம் எத்தன வருசம் தாங்கும்?” என்று கேட்டார் அவர்.

“நல்லாத் தாங்கும் மாமா. வெயில் பட்டா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கும்.”

“எந்தக் கலர் மொதல்ல போகும்?”

“செவப்பும் ஆரஞ்சும்தான் மொதல்ல போகும். நீலம் கடைசில.”

ரங்கி தலையை ஆட்டினார். “அப்ப சரி. பொறுத்துக்கலாம்.” விரல் நுனியால் கல்லை இரண்டு தடவை தட்டினார். பிறகு கல்லைப் பார்த்தே சொன்னார்: “அன்னிக்குக் கன்னுக்குட்டின்னு கத்தினது நான் இல்லடா. எம் மகன். வீட்டுக்குப் போயி அவனுக்கு வச்சேன் ரெண்டு. அது உனக்குத் தெரியாது. உங்கிட்ட வந்து சொல்ல எனக்கு வாய் வரல.”

அவர் நகர்ந்ததும் மண்ணடுப்பைத் திறந்தார்கள். பன்றியும் சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும், பீட்ரூட்டில் சிவந்த உருளைக்கிழங்கும் என்று மேஜை வளைந்தது. நூரோவாவும் மாராவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பன்றித் தட்டோடு வந்தார்கள். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று வழியெல்லாம் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபின் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் நூரோவாவுக்கு விமானம். அவன் பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டு முன்கூடத்தில் துவாயினே பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், நூரோவா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன் போன்ல அப்பா படம் வேற இருக்கா?” என்று கேட்டான். கேட்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நெறைய இருக்கு. எல்லாம் மொறைக்கற படம்தான்.”

“பரவால்ல. காட்டு.”

அவள் போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். அகாய்த்தி உள்ளேயிருந்து தேநீர்க் கோப்பைகளோடு வந்தபோது அவன் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா மருத்துவமனை வாசலில். அப்பா துவாயினே வீட்டுச் சமையலறையில் மீன் ஆய்கிறார். அப்பா ஒரு காலில் செருப்போடு, மற்றொன்றைத் தேடிக்கொண்டு. அப்பா கொஞ்சம் மெலிந்து. அப்பா இன்னும் மெலிந்து. ஒவ்வொன்றுக்கும் அவன் நிறுத்தி, எங்கே, எப்போது, யார் கூட இருந்தது, அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்டான். அவள் நினைவிருந்ததைச் சொன்னாள். நினைவில்லாததற்கு அகாய்த்தியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

ஒரு படத்தில் கைத்தாரா நாற்காலியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வயிற்றின் மேல் ஒரு பழுப்புக் கோழி ஏறி, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“இது யாரு வீட்டுக் கோழி?” என்றான் நூரோவா.

“அதுவா,” என்றாள் துவாயினே, தேநீரை வாங்கிக்கொண்டே. “அது ஒரு பெரிய கதைண்ணா. நல்லாச் சாஞ்சு உக்காருங்க.”